வாங்கும் கைக்கு என்ன குறை?

70 வயது நிரம்பிவிட்டதா என்ற ஒரே கேள்விதான். ஏழையா பணக்காரரா, மகன் சம்பாதிக்கிறானா, சொந்த வீடு உண்டா என்று எதையும் விசாரிக்காமல், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் செலவை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் ஏற்பாடு 2024 அக்டோபர் 29 அன்று இந்தியாவில் தொடங்கியது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் நீட்சியான இதில் 4.5 கோடிக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 6 கோடி முதியவர்கள் அடங்குவார்கள் என்று அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது கணக்குச் சொன்னார்கள். பணம் எங்கிருந்து வரும், எந்த மாநிலம் சேரும், தனியார் மருத்துவமனைகள் ஒத்துழைக்குமா என்றெல்லாம் பிறகு விவாதம் நடந்தது. வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இதற்கான அட்டையை வாங்கப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. "இத்தனை நாள் யார்கிட்டயும் கை நீட்டாம இருந்தாச்சு, இனிமே எதுக்கு?" என்பது ஒன்று. "எனக்குத்தான் பிள்ளை இருக்கானே" என்பது இன்னொன்று. "விதிச்சது நடக்கட்டும்" என்பது மூன்றாவது. இவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிட்டு விழிப்புணர்வு முகாம் போடுவது எளிது. நான் ஒதுக்க மாட்டேன். மூன்றுமே அறம் பற்றிய வாதங்கள். மூன்றுக்கும் நம் மரபில் வேர் இருக்கிறது. வாதத்துக்கு வாதத்தால்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கை நீட்டுவது. நம் அறநூல்கள் கொடுப்பவனைக் கொண்டாடிய அளவுக்கு வாங்குபவனை மதித்ததில்லை. திருக்குறளில் இரவு என்று ஓர் அதிகாரம். தக்கவரிடம் கேட்பதில் இழிவில்லை என்று அது சமாதானம் சொல்கிறது. அடுத்த அதிகாரமே இரவச்சம்; கேட்டு வாழும் நிலை வந்துவிடக் கூடாதே என்ற நடுக்கம்தான் அதில் முழுக்க. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததே, இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது லேசல்ல என்பதற்குச் சாட்சி. ஆனால் இரண்டிலும் காட்சி ஒன்றுதான். ஒருவன் வாசலில் நிற்கிறான். ஒருவன் உள்ளே இருக்கிறான். கொடுப்பதும் மறுப்பதும் உள்ளே இருப்பவன் இஷ்டம். இரத்தலின் கூச்சம் பணம் கைமாறுவதில் இல்லை, இன்னொருவன் இஷ்டத்துக்குக் காத்து நிற்பதில் இருக்கிறது. சரி, எழுதி வைத்த விதியின்படி, வயது ஒன்றையே தகுதியாகக் கொண்டு, பொது நிதியிலிருந்து வரும் பணத்தில் அந்த 'உள்ளே இருப்பவன்' யார்? மந்திரியா, கலெக்டரா, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஊழியரா? இவர்களில் யாருக்கும் 'போய் வா' என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. (சிலர் சொல்லிவிடுகிறார்கள் என்பது வேறு சங்கதி, அதற்குப் புகார் சொல்ல 14555 என்ற எண் இருக்கிறது.) மறுக்க முடியாதவன் கொடையாளி ஆக மாட்டான். கொடையாளியே இல்லாத இடத்தில் இரவலன் எங்கிருந்து வருவான்?

நம் ஊர்ப் பழக்கங்களில் இதற்குப் பக்கத்தில் வருவது மொய். கல்யாண வீட்டு வாசலில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்து ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டே போகிறார். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து என்று தனியாகவே வைத்துத் தொழிலுக்கு முதல் திரட்டுகிறார்கள். வாங்குகிறவர் அங்கே தலை குனிவதில்லை. ஊராருக்குத் தான் போட்டது திரும்பி வருகிறது, அல்லது இனிமேல் போடப்போவது முன்கூட்டியே வருகிறது, அவ்வளவுதான். பொதுக் காப்பீடும் அப்படித்தான் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த ஒப்புமையை நான் பாதி வழிதான் நம்புகிறேன். மொய் நோட்டில் பெயர் இருக்கும். வாழ்நாள் முழுவதும் களை பறித்து, வருமான வரி என்ற சொல்லையே கேட்டிராத ஒரு பெண்மணியின் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது? அவர் வாங்கிய சோப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் வரி கட்டியிருக்கிறார் என்று பதில் சொல்வார்கள். சரியான பதில், ஆனால் போதாது. பிறவியிலிருந்தே படுக்கையில் கிடந்து 70 வயதைத் தொட்டவர் என்ன கட்டினார்? அவருக்கு உரிமை இல்லை என்று சொல்ல யாரும் துணிய மாட்டோம். ஆகவே, கட்டியதைத்தான் வாங்குகிறோம் என்பது கூச்சத்தைப் போக்க உதவும். உரிமைக்கு அடித்தளமாக நிற்காது. அடித்தளம், இந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவர் என்பதில் இருக்கிறது.

இதைப் புதுச் சிந்தனை என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரம் பக்கம் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு, 11ஆம் நூற்றாண்டு. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, அங்கே இயங்கியது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், இவர்களுக்கு நெல்லாகக் கூலி, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் என்று எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. அந்தப் படுக்கை யாருக்கு? கோயிலோடு இணைந்த கல்விச்சாலையின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும். காய்ச்சலில் விழுந்த மாணவன் ஏழையா என்று கேட்கவில்லை. அவன் அந்த இடத்தைச் சேர்ந்தவன், அதுவே போதும். அரசனுக்கு அது புண்ணியமாக இருந்திருக்கலாம். மாணவனுக்கு அது தன் இடத்தின் ஏற்பாடு. ஆனால் கோயிலுக்கு நெல் அளந்த குடியானவனுக்கு அங்கே படுக்கை எழுதப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதற்கும் முன்னால், அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. தன் ஆட்சிக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர் நாடுகளையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே எல்லைக் கோடு இல்லை, ஆனால் எல்லாம் மன்னன் அருள். ஒன்றில் உரிமை உண்டு, எல்லோருக்கும் இல்லை. மற்றதில் எல்லோரும் உண்டு, உரிமை இல்லை. நம் அரசமைப்பின் 41ஆம் பிரிவு முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமையைப் பேசியபோது இரண்டையும் ஒன்றாகக் கட்டப் பார்த்தது. பொருளாதார வல்லமைக்கு உட்பட்டு என்ற வாலும், நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத நெறிமுறைப் பகுதியில் அது உட்கார்ந்திருப்பதும் அந்த முடிச்சைத் தளர்த்திவிட்டன.

அப்படியானால் கோடீஸ்வரருக்குமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி நியாயத்தின் பெயரால் வருவதால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். ஏழைகளை மட்டும் பொறுக்கி எடுப்பது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2018இல் ஆயுஷ்மான் பாரத் தொடங்கியபோது பயனாளிகளை 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள். கிராமப்புறங்களில் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தாலோ லேண்ட்லைன் போன் இருந்தாலோ அந்தக் கணக்கெடுப்பு அக்குடும்பத்தைத் தானாகவே கழித்தது. அப்போது 57 வயதில் ஃப்ரிட்ஜோடு இருந்த ஒருவர், 2024இல் 70 வயதில் கணவரை இழந்து, கடையை மூடி, ஓடாத ஃப்ரிட்ஜோடு மட்டும் இருக்கலாம். பட்டியலில் அவர் இன்னும் வசதியானவர். தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ. வழியாக வருமானச் சான்று. மாதம் 10,000 ரூபாய் என்று பொருள். நாளுக்கு 500 ரூபாய் கூலிக்கு மாதம் 25 நாள் போகிறவர் வீட்டில் ஒருவர் இருந்தாலே கணக்கு 12,500 ஆகிவிடுகிறது. அவர் உண்மையைச் சொன்னால் அட்டை கிடையாது. அட்டை வேண்டுமானால் பொய் சொல்ல வேண்டும். உதவி பெறுவதற்கு விலையாகப் பொய்யைக் கேட்கும் ஏற்பாட்டை எந்த அறநூலும் ஒப்புக்கொள்ளாது. பணக்காரர் சிலருக்குப் போய்விடுமே என்ற பயத்தைவிட, நேர்மையான ஏழை தண்டிக்கப்படுகிறாரே என்ற பயம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தவிரவும், முதுமையில் வசதி என்பதே வழுக்கும் தரை. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய பழைய கார்ச் சந்தை பற்றிய கட்டுரை பிரபலமானது. அதே கட்டுரையில் 65 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு ஏன் கிடைப்பதில்லை என்பதையும் அவர் ஓர் உதாரணமாக எடுத்து விளக்கியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிரீமியம் ஏற ஏற, நோய் இல்லாதவர்கள் விலகுவார்கள். நோயுள்ளவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அதனால் பிரீமியம் இன்னும் ஏறும். காசு வைத்திருந்தாலும் நியாயமான விலைக்கு வாங்க முடியாத சரக்கு அது. நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 65 வயது உச்சவரம்பை 2024 ஏப்ரலில்தான் நீக்கியது. மூத்தோர் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் தன்னைக் கேட்காமல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொல்ல வேண்டி வந்தது. ஆகவே வயதைத் தகுதியாக்குவது பணக்காரருக்குச் சலுகை காட்டுவதாகாது. வயதுதான் இங்கே வறுமை.

பிள்ளை இருக்கிறானே என்ற வாதம் இவற்றையெல்லாம்விட நெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பது. பெற்றோரைப் பேணுவது பிள்ளையின் கடன். அரசு அதை எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் கைகழுவிவிட மாட்டார்களா? சட்டமும் அந்தக் கடனை ஒப்புக்கொள்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பராமரிப்பு என்பதில் மருத்துவமும் அடங்கும். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் கொடுக்கச் சொல்லலாம். ஒரு நாள் ஐசியூ செலவோடு அந்தத் தொகையை ஒப்பிட்டாலே, ஒரு குடும்பத்தின் தலையில் இதைக் கட்ட முடியாது என்பது விளங்கும். ஆனால் என் பதில் தொகையைப் பற்றியதன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர். பில் கட்டுபவர் அந்த நான்கில் இல்லை. பிள்ளையின் கடன் நான்காவது இடத்தில் இருக்கிறது. அதை எந்த அரசும் எடுத்துக்கொள்ள முடியாது. இரவு முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பதற்கும், கஞ்சி ஆற்றிக் கொடுப்பதற்கும் பேக்கேஜ் ரேட் கிடையாது. இப்போது நடப்பதோ வேறு. பெரியவன் எவ்வளவு போடுவான், சின்னவன் ஏன் போடவில்லை, அம்மாவின் நகையை யார் அடகு வைப்பது என்ற பேச்சு வராந்தாவில் ஓடுகிறது. உள்ளே படுத்திருப்பவர் காதில் அது விழுகிறது. கையில் சொந்தக் காசில்லாத மகள், எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்துக்கொண்டவளாக இருந்தும், அந்தப் பேச்சில் வாய் திறக்க முடிவதில்லை. பணக் கணக்கை வீட்டுக்கு வெளியே எடுத்துவிட்டால், யார் கூட இருந்தார்கள் என்ற ஒரே கணக்குதான் மிஞ்சும். கைகழுவ நினைக்கும் பிள்ளைக்கு அது வசதியல்ல, தொந்தரவு.

இதன் மறுபக்கமாக, சாகப்போகும் கிழவர்களுக்குக் கொட்டுவதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று முகத்துக்கு நேரே கேட்பவர்களும் உண்டு. அமெரிக்கத் தத்துவவாதி நார்மன் டேனியல்ஸ் 1988இல் எழுதிய நூல் ஒன்றில் இதற்கு ஒரு வழி காட்டினார். முதியவர் என்று தனி இனம் கிடையாது; ஒவ்வொருவரும் கடக்கப்போகும் கட்டம் அது. ஒரே ஆயுளுக்கான பங்கை எந்த வயதுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று யோசிப்பதே சரி என்றார். அப்படி யோசித்தால் முதுமைக்கு எல்லையில்லாமல் ஒதுக்க மாட்டோம் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். 5 லட்சம் என்பது எல்லைதான்.

விதி பற்றிய வாதத்துக்கு வருகிறேன். ஊழை நம்புகிறவரிடம் ஊழ் இல்லை என்று சொல்லிப் பயனில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. வினைப்படி நோய் வந்தது என்றால், மருந்து கிடைத்ததும் அதே வினைப்படிதான் என்று ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? வயிற்றுப்போக்குக்கு மாத்திரை வாங்கும்போது யாரும் விதியை இழுப்பதில்லை. செலவு பெரிதாகும்போதுதான் அது வாய்க்கு வருகிறது. ஆகவே இந்த வாதத்துக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் பிறர் பணத்தைச் செலவழிக்க விரும்பாத தயக்கம். அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் உண்மையான துறவு மனம் ஒன்றும் உண்டு. வடக்கிருத்தலும் சமணரின் சல்லேகனையும், போதும் என்று உணர்ந்தவர் உடம்பை விடுவதை மதித்தன. நான் அதை மதிக்கிறேன். வாழ வழியிருந்தும் வேண்டாம் என்பவரின் முடிவு அது. அவர் விடுவதற்கு அவரிடம் ஒன்று இருக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குப் பணமில்லாமல் வீட்டுக்குத் தூக்கிவரப்பட்டவர் எதையும் துறக்கவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லும் பெரியவரின் சொல்லுக்குத்தான் துறவின் கனம் இருக்கும்.

காப்பீடு என்றாலே ஒருவகைச் சூதாட்டம்தானே என்ற ஐயம் மத நம்பிக்கையாளர்களிடையே உண்டு. இஸ்லாமிய அறிஞர்கள் பலர் வணிகக் காப்பீட்டை அந்தக் காரணத்தால் மறுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டு ஏற்பாட்டை ஏற்றனர். கூர்மையான வேறுபாடு அது. ஆயுஷ்மான் பாரத்தில் பல மாநிலங்களில் காப்பீட்டு நிறுவனமே கிடையாது. அரசு அமைத்த அறக்கட்டளை நேரடியாக மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கிறது. பயனாளி பிரீமியம் கட்டுவதில்லை, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் இல்லை. இதில் பந்தயம் எங்கே இருக்கிறது? உண்மையான குறை வேறிடத்தில். படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். தினசரி விழுங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்கும் இல்லை. முதுமையின் செலவில் பெரும்பகுதி அந்த மாத்திரைப் பட்டையில்தான் போகிறது. 2021இல் தமிழகம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. பொது மருத்துவமனைகளை வலுப்படுத்துவதை விட்டுவிட்டுத் தனியாருக்குப் பணம் போகிறதே என்ற இடதுசாரி விமர்சனமும் நியாயமானது. அரசு பெரியாஸ்பத்திரியில் படுக்க அட்டை தேவையில்லை. அந்த விதத்தில் அதன் வாசல் காப்பீட்டைவிட அகலமானது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் பெரியாஸ்பத்திரியைத்தான் தேர்வேன். ஆனால் அந்தக் குறைகளுக்காக, இன்று நோயில் இருப்பவர் அட்டை வாங்காமல் இருப்பது யாருக்கும் நீதி செய்யாது.

அட்டை விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. ஆதார் ஒன்றே சான்று. ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பமானால், 70 தாண்டியவருக்கு வேறு யாரும் பங்கு கேட்காத தனி 5 லட்சம் சேரும். கணவன் மனைவி இருவரும் 70 தாண்டியிருந்தால் அந்த 5 லட்சம் இருவருக்கும் பொது. தனியார் பாலிசியோ இஎஸ்ஐயோ இருப்பது தடையல்ல. மத்திய அரசு ஓய்வூதியர்களும் முன்னாள் ராணுவத்தினரும் தங்கள் பழைய திட்டம், இது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இவ்வளவு எளிமையாக இருந்தும் பதிவு என்ற படி ஒன்று நடுவில் இருக்கிறது. என் வாதம் முழுவதும் கடைசியில் இடறுவது அங்கேதான். நாற்று நட்டுத் தேய்ந்த விரலை ரேகைக் கருவி ஏற்க மாட்டேன் என்கிறது. ஓடிபி வெளியூரில் இருக்கும் மகனின் போனுக்குப் போகிறது. பிறந்த ஆண்டு மட்டும், அதுவும் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது, அச்சாகியிருக்கும் ஆதார் அட்டை 69 என்கிறது. கேட்காமல் கிடைக்காத உரிமை, உரிமைக்கும் இரத்தலுக்கும் நடுவே தொங்குகிறது. வாசலில் நிற்க வைக்கும் அந்தப் பழைய காட்சி மெஷின் உருவில் திரும்பி வருகிறது. எல்லோருடைய வயதும் அரசின் கணினியிலேயே இருக்கும்போது, 70 நிரம்பியவர் ஏன் விண்ணப்பிக்க வேண்டும்? முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. 2024 மக்களவைத் தேர்தலில், விருப்பம் தெரிவித்த 85 வயது கடந்தவர்களின் வீட்டுக்கே அதிகாரிகள் போய் வாக்குச் சீட்டை வாங்கி வந்தார்கள். வாக்குக்குப் போகத் தெரிந்த கால்களுக்கு அட்டையோடு போகவும் வழி தெரியும். அது நடக்கும்வரை இந்த வேலை மகள், பேரன், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் என்று யாராவது ஒருவர் தலையில்தான் விழும். ஆயுஷ்மான் செயலியில் முகத்தைக் காட்டியும் பதிவு செய்யலாம். தேய்ந்த விரலை மறுபடி மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டியதில்லை.